திருவிழா ஒலியும் செவிக்கினிமையும்
கலைஞரும் விஞ்ஞானியும் கூடிச் செய்ய வேண்டிய ஒரு திருப்பணி

தேர் தெருமுனை திரும்புவதற்கு முன்பே அது வருகின்றது என்பதை ஊருக்குச் சொல்லிவிடுவது மேளம். வாசலில் கோலமிடுபவரும், அர்ச்சனைத் தட்டில் பழமும் வெற்றிலையும் அடுக்கிக் கொண்டிருப்பவரும் தவிலோசை நெருங்கி வருவதைக் கேட்டே கையிலுள்ள வேலையை முடித்துக் கொண்டு எழுவர். கண்ணுக்குத் தெரியும் அலங்காரத்திற்கு நம் ஆலயங்கள் எத்தனையோ நாள் முன்னதாகவே திட்டமிடுகின்றன. பூமாலைக்கு ஓர் உபயகாரர், மின்விளக்குத் தோரணத்திற்கு ஓர் உபயகாரர், தேர்ச் சோடனைக்கு ஒரு குழு என்று பொறுப்புகள் பிரிக்கப்படுகின்றன. ஒலிக்கு மட்டும் அப்படிப்பட்ட திட்டம் ஏதும் இருப்பதில்லை. ஒலிபெருக்கிக்காரர் வருகின்றார், கம்பத்தில் குழாய்களைக் கட்டுகின்றார், விசையைத் திருப்புகின்றார். அத்துடன் ஒலியலங்காரம் முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது.

பழைய மரபு இத்துணை அலட்சியமாக இருந்ததில்லை. தமிழகத்துப் பெருங்கோயில்களில் சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பது வழக்கம். கம்பீர நாட்டை இராகத்தில், சொற்களின்றி, தாளக்கட்டுடன் அமைந்த உருப்படி அது. நைவேத்தியம் கொண்டு வரும்போது தளிகை மல்லாரி, திருமஞ்சனத்திற்குத் தீர்த்தம் கொண்டு வரும்போது தீர்த்த மல்லாரி, தேர் நகரும்போது தேர் மல்லாரி என்று வேளைக்கும் செயலுக்கும் ஏற்ப வாசிப்பு மாறும். விடியற்காலையில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. கோயிலுக்குள் வர இயலாத முதியவரும், பிள்ளை பெற்று வீட்டிலிருக்கும் தாயும், திண்ணையில் அமர்ந்தபடியே சந்நிதியில் என்ன நடக்கின்றது என்பதை அறிந்து கைகூப்பினர். ஓசை ஒரு செய்தியாக இருந்தது. ஒரு வாசிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலிருந்த அமைதியும் அச்செய்தியின் ஒரு பகுதியே.

தோட்டத்து ஓசைகள்

வட சிலாங்கூர் வட்டாரத்திற்கும் தனக்கென ஓர் ஒலி வரலாறு உண்டு. 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றப்பட்டபோதிலும் நம்மவர் நாவில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே வழங்கிவரும் இவ்வூரைச் சுற்றி இரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்தன. இந்நாட்டில் வாணிப அடிப்படையில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917-இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் என்பதைப் பலர் அறிவர். அதனைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ தமிழ்.

அக்காலத் தோட்டங்களில் இருள் பிரியும் முன் பெரட்டு மணி அடிக்கும். அதற்குச் சற்று முன்னரோ பின்னரோ கோயில் மணி. ஊருக்கு வெளியே ஈயம் வாரும் பெருங்கப்பல்கள் குளங்களில் மிதந்தபடி இரவும் பகலும் வாளிச் சங்கிலியை உருட்டிக் கொண்டிருந்தன. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் அவ்வோசை படிப்படியாக அடங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்களில் வாழ்ந்தோர் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர், தோட்டக் கோயில்கள் சில இடம் மாறின, சில புதிதாக எழுந்தன. முன்பு சுற்றிலும் மரங்களே அண்டை வீட்டாராக இருந்த அம்மன், இன்று தாமான் வீடுகளின் வரிசைக்கு நடுவே வீற்றிருக்கின்றாள். எதிர்வீட்டில் இரவு ஷிப்ட் முடிந்து உறங்கும் தொழிலாளி இருக்கலாம். அடுத்த வீட்டில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மாணவி இருக்கலாம். அவர்கள் மலாய்க்காரராகவோ சீனராகவோ, நம்மவராகவோ இருக்கலாம். பள்ளிவாசலின் பாங்கோசையும், சீனக் கோயிலின் முரசும், லாரிகளும், மோட்டார் சைக்கிள்களும் சேர்ந்ததே இன்றைய ஊரின் ஒலிச்சூழல். அதனுள் ஆலயத்தின் ஓசை எங்கே அமர வேண்டும் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு இருவகை விடைகளே இதுவரை அடிபடுகின்றன. ஒரு சாரார் "ஆண்டுக்கொரு முறைதானே திருவிழா, பொறுத்துக் கொள்ளட்டும்" என்கின்றனர். மற்றொரு சாரார் ஓசையே வேண்டாம் என்று புகார் எழுதுகின்றனர். இரண்டும் நாதத்தை அறிந்தவர் கூறும் விடைகளாகத் தோன்றவில்லை. நாதஸ்வர, தவில் வித்துவான்களும் ஒலியியல் கற்ற அறிவியலாளர்களும் ஒரே பாயில் அமர்ந்து பேசினால் மூன்றாவதாக ஒரு வழி பிறக்கும். அத்தகைய கூட்டு நமக்குப் புதிதுமன்று.

மேளத்தை ஆராய்ந்த மேதை

திருச்சிக்கு அருகிலுள்ள திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பிறந்த சர் சி.வி. இராமன், ஒளி ஆராய்ச்சிக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதற்கு முன்பே அவர் நம் இசைக்கருவிகளில் ஆழ்ந்து கிடந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியாகப் பணியாற்றிய காலத்தில், அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று தந்திகளின் அதிர்வை ஆராய்ந்தார். பின்னர் பேராசிரியரானார். 1920-இல் சிவகாளி குமார் என்பவருடன் இணைந்து, "நேச்சர்" என்னும் புகழ்பெற்ற ஆங்கில அறிவியல் ஏட்டில் இந்திய மேளங்களைப் பற்றி எழுதினார்.

அவர் கண்டறிந்தது என்ன? சாதாரணத் தோற்கருவியைத் தட்டினால் எழும் பல அதிர்வுகள் ஒன்றோடொன்று சுருதி சேராதவை. ஆகவே அது வெறும் "டம்" என்ற சத்தமாகவே முடியும்; இன்ன சுரம் என்று சொல்ல முடியாது. மிருதங்கத்தின் வலந்தலை அப்படியன்று. தோலின் நடுவில் கல்பொடியையும் சோற்றையும் பிசைந்து அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்த கருவட்டம் இருக்கின்றதே, கரணை, அஃது அதிர்வுகளின் போக்கையே மாற்றிவிடுகின்றது. ஒழுங்கற்றுச் சிதறியிருக்க வேண்டிய ஒன்பது வகை அதிர்வுகள் ஒன்றையொன்று தழுவி, சுருதி சேர்ந்த ஐந்து ஒலிகளாகத் திரள்கின்றன. இதனை இராமன் 1934-இல் விரிவான கட்டுரையாகவே எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அதிரும்போது மணல் எங்கே ஒதுங்குகின்றது என்று பார்த்து, ஒவ்வோர் அதிர்வின் வடிவத்தையும் பதிவு செய்தார்.

நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி இது. கரணையை வைத்த கைவினைஞர்கள் கணக்குப் படித்தவர்களல்லர். கையால் தட்டி, காதால் கேட்டு, சிறிது தேய்த்து, மீண்டும் கேட்டு, தலைமுறை தலைமுறையாக அதனைக் கண்டடைந்தனர். அவர்களுடைய காதுக்குத் தெரிந்திருந்ததை இராமனின் கணக்கு விளக்கியது. அவர் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார். இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் கிசுகிசு மாடத்தில் சுவரோரமாக ஒலி தவழ்ந்து செல்வதையும் சோதித்தார். கட்டடமும் ஓர் இசைக்கருவியே என்பதை உணர்ந்தவர் அவர்.

நாதஸ்வரத்தின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. பழைய திமிரி நாயனம் நீளம் குறைந்தது, சுருதி மிக உயர்ந்தது. திறந்த வீதியில், ஒலிவாங்கி இல்லாத காலத்தில், தெருக்கோடி வரை எட்டுவதற்கு அதுவே ஏற்றதாக இருந்தது. ஒலிவாங்கியும் கச்சேரி மேடையும் வந்தபின் அதே கூர்மை செவியை உறுத்தத் தொடங்கியது. திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை நாடினார். நரசிங்கன்பேட்டை இரங்கநாத ஆசாரி ஆச்சா மரத்தைக் கடைந்து, துளைகளின் இடத்தை மாற்றிமாற்றிப் பார்த்து, சுத்த மத்தியமம் செவ்வையாகப் பேசும் நாயனத்தை உருவாக்கித் தந்தார். வாசிப்பவர் குறை சொல்ல, செய்பவர் திருத்த, மறுபடி வாசிக்க என்று நடந்த கூட்டு முயற்சி அது. நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பின்னால் அந்த ஆசாரிமாரின் காதும் கையும் இருக்கின்றன. சூழல் மாறியபோது கருவியையே மாற்றிக் கொள்ளும் துணிவு அவர்களுக்கு இருந்தது. இன்று நம்முடைய ஆலயங்களில் கருவி மாறவில்லை; அதன் தலைக்கு மேல் குழாய் ஒலிபெருக்கி மட்டும் ஏறியுள்ளது.

ஒலிபெருக்கிக் கணக்கு

நிர்வாகப் பொறுப்பில் உள்ளோரும் உபயகாரரும் தெரிந்து கொள்ள வேண்டிய சில எளிய கணக்குகள் உள்ளன. ஐம்பது வாட் பெருக்கியை நூறு வாட்டாக மாற்றினால் ஓசை இருமடங்காகும் என்று நம்பிப் பணம் கொடுப்போர் பலர். உண்மையில் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது கொஞ்சமே தெரியும். இருமடங்கு உரக்கக் கேட்பதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்னாற்றல், அதாவது ஐந்நூறு வாட், தேவைப்படும்.

அடுத்தது தூரம். திறந்தவெளியில் ஒரு கருவியிலிருந்து விலகும் தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஓசை 6 டெசிபல் குறையும். 80 மீட்டருக்கு அப்பால் நிற்கும் பக்தருக்கு 70 டெசிபல் கிடைக்க வேண்டுமென்றால், அதே குழாயிலிருந்து 5 மீட்டரில் நிற்பவர் 94 டெசிபலைத் தாங்கியாக வேண்டும். அப்படி 5 மீட்டரில் நிற்பவர் யார்? பெரும்பாலும் தவில்காரரும், காவடி தூக்கக் காத்திருக்கும் இளைஞரும், தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தையுமே.

இந்நாட்டுத் தொழிற்கூடங்களுக்கு 2019-ஆம் ஆண்டில் வந்த இரைச்சல் விதிமுறைப்படி, எட்டு மணி நேர வேலை நாளுக்கு 85 டெசிபலே உச்ச அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகின்றது. 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரம். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். செம்பனை ஆலையில் பணிபுரிபவருக்கு முதலாளி காதடைப்பான் தந்தாக வேண்டும். மூன்று நாள் திருவிழாவில் காலையும் மாலையும் குழாயடியில் அமர்ந்து வாசிக்கும் மேளக்காரருக்குத் தருபவர் யாருமில்லை. செவியே அவர்களுடைய மூலதனம். அதைத் தேய்த்துவிட்டுச் சன்மானமும் பொன்னாடையும் வழங்கிப் பயனில்லை.

குழாய் ஒலிபெருக்கியின் இயல்பையும் சொல்லியாக வேண்டும். பேச்சையும் அறிவிப்பையும் நெடுந்தூரம் தள்ளுவதற்கென அமைந்த கருவி அது; இரயில் நிலையத்திற்கும் பள்ளித் திடலுக்கும் பொருந்தும். தவிலின் இடந்தலையில் கழி விழும்போது எழும் ஆழ்ந்த ஓசையும், உறுமியின் முழக்கமும் அதனுள் நுழைவதே இல்லை. எஞ்சுவது கிறீச்சிடும் மேற்பகுதி மட்டுமே. தூரத்தில் உள்ளவர் "கோயில் சத்தம்" என்று முகம் சுளிப்பது பெரும்பாலும் இந்த எச்சத்தைக் கேட்டுத்தான். மேளத்தின் முழு நாதத்தை அவர் கேட்டதே இல்லை.

இன்னொரு குறை, மந்திரமும் சொற்பொழிவும் இரட்டையாகக் கேட்பது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மண்டபத்தில் ஒரு குழாய், நுழைவாயிலில் ஒரு குழாய், இடைவெளி 34 மீட்டர் என்று வைத்துக் கொண்டால், வாயிலில் நிற்பவருக்கு ஒரே சொல் நொடியில் பத்திலொரு பங்கு இடைவெளியில் இருமுறை வந்து சேரும். இடைவெளி நொடியில் இருபதிலொரு பங்குக்கு உட்பட்டிருந்தால் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கொள்ளும். அதனை மிஞ்சினால் குழப்பமே. சொல் புரியவில்லை என்று குருக்கள் குரலை உயர்த்துவார், விசையும் உயர்த்தப்படும், குழப்பம் இன்னும் உரக்கக் கேட்கும்! வெளிக் குழாய்க்குச் செல்லும் ஒலியைச் சற்றே தாமதப்படுத்தும் மின்னணுக் கருவி ஒன்று இதனைத் தீர்த்துவிடும். வாடகை ஒலிபெருக்கி நிறுவனங்கள் பலவற்றிடம் அது இருக்கின்றது, கேட்பவர்தாம் குறைவு.

இரவில் ஓசை ஏன் அத்தனை தூரம் செல்கின்றது என்பதற்கும் காரணம் உண்டு. பகலில் நிலம் சூடேறி, ஒலி மேல்நோக்கி வளைந்து போகும். காற்றோட்டமில்லாத தெளிந்த இரவில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று தங்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து சமவெளியில் நெடுந்தூரம் தவழும். தோட்டத்து முதியவர்கள் விடியற்காலையில் அடுத்த தோட்டத்துக் கோயில் மணியைக் கேட்டதாகச் சொல்வது கற்பனையன்று. அதே இயற்கை விதிதான் நள்ளிரவு உறுமியையும் மூன்று தாமான்களுக்கு அப்பால் கொண்டு சேர்க்கின்றது. இடையில் ஒரு வரிசை மரம் நட்டால் தடுக்கும் என்று நினைப்பதும் வீண். அகன்று அடர்ந்த தோப்பே ஓரளவு தடுக்கும்.

உலகில் நடந்தவை

ஓர் ஊரின் ஒலிச்சூழலை முழுமையாக ஆராய்ந்து சீர்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியவர் ஓர் இசையமைப்பாளர். கனடா நாட்டு ஆர். முர்ரே ஷேஃபர், வான்கூவருக்கு அருகிலுள்ள சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவை அமைத்தார். இசைக்கலைஞர்கள் ஒலியளவுக் கருவியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் சுமந்து தெருத்தெருவாக நடந்தனர். 1973-இல் வான்கூவர் நகரத்தின் ஓசைகளை இசைத்தட்டாகவும் நூலாகவும் வெளியிட்டனர். ஓர் ஊருக்கே உரித்தான, அவ்வூரார் போற்றும் ஓசைக்கு அவர்கள் தனிப் பெயரே சூட்டினர். பழைய மரமும் பழைய கட்டடமும் பாதுகாக்கப்படுவது போல அத்தகைய ஓசையும் பாதுகாக்கப்பட வேண்டும் என்றனர். ஆலய மணி இவ்வகையில் முதலிடம் பெறக்கூடியது. 2021-இல் மறைந்த ஷேஃபர் இரைச்சலைக் குறைப்பது பற்றி மட்டும் பேசியவரல்லர். எந்த ஓசையை வைத்துக் கொள்ள விரும்புகின்றோம் என்பதை முதலில் முடிவு செய்யச் சொன்னவர்.

ஜப்பானிய அரசாங்கம் அதனைச் செய்தே காட்டியது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனம், காக்கப்பட வேண்டிய ஓசைகளைப் பரிந்துரைக்குமாறு நாடு முழுவதும் கேட்டு, வந்து சேர்ந்த 738 பரிந்துரைகளிலிருந்து 1996-இல் நூறு ஓசைகளைத் தேர்ந்தெடுத்தது. அலையோசை, பூச்சிகளின் ரீங்காரம், திருவிழா முழக்கம் ஆகியவற்றுடன் புத்த ஆலயங்களின் மணியோசையும் அப்பட்டியலில் உண்டு. ஆலய மணியை இரைச்சல் என்ற தலைப்பிலிருந்து எடுத்து நாட்டின் சொத்து என்ற தலைப்பில் வைத்தனர் என்றால், அதற்கு அந்த மணிகள் அளவறிந்து ஒலித்ததும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் நார்த் ஆடம்ஸ் என்னும் சிற்றூரில் புரூஸ் ஒட்லண்ட், சாம் ஆவிங்கர் என்னும் இரு கலைஞர்கள் 1998-இல் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தில் 16 அடி நீளக் குழல்களைப் பொருத்தினர். நாதஸ்வரத்தின் உட்காற்று தன் நீளத்திற்கேற்ற சுரத்தில் அதிர்வதைப் போலவே, லாரி இரைச்சல் அக்குழல்களுக்குள் புகுந்து ஒரே சுருதியில் ரீங்கரிக்கின்றது. பாலத்தின் அடியில் நடப்பவர் அதனைக் கேட்கின்றார். பெர்லின் நகரின் நவனர் சதுக்கத்திலோ, பேராசிரியை பிரிகிட்டே ஷுல்டே ஃபோர்ட்காம்ப், அங்குக் குடியிருந்தோரையே நிபுணராகக் கொண்டு அவர்களுடன் நடந்து கேட்டு, என்ன ஓசை வேண்டும் என்று விசாரித்தார். சாலையோரம் கற்சுவர் எழுந்தது. அவர்கள் விரும்பிய பறவையொலியும் நீரொலியும் கேட்கும் இருக்கைகள் அமைந்தன. 2012-இல் அதற்கு ஐரோப்பிய ஒலிச்சூழல் விருது கிடைத்தது. 2014-இல் வெளியான அனைத்துலகத் தர நிர்ணயமும் ஒலிச்சூழல் என்பதை, ஓரிடத்தின் ஓசையை அங்குள்ள மக்கள் எவ்வாறு உணர்கின்றனர் என்ற அடிப்படையிலேயே விளக்குகின்றது. கருவி காட்டும் எண் மட்டும் போதாது என்பது இதன் பொருள்.

சட்டம் முந்திக் கொண்டால்

கலைஞரும் அறிவியலாளரும் பேசத் தவறிய இடத்தில் காவல்துறையும் நீதிமன்றமும் பேசுகின்றன. அண்டை நாடான சிங்கப்பூரில் தைப்பூசக் காவடி ஊர்வலப் பாதையில் இசைக்கருவி வாசிப்பது 1973-இல் தடை செய்யப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகியபின், 2016-இல்தான் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறையே வீதியில் மேளமின்றிக் காவடி எடுத்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு வந்த விதிமுறை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னையில் ஒரு வழிபாட்டுச் சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வழியே வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்ற கருத்தை உச்சநீதிமன்றம் தெரிவித்தது.

மலேசியச் சுற்றுச்சூழல் இலாகா 2007-இல் வெளியிட்ட இரைச்சல் வழிகாட்டியில் ஒரு வரி ஊன்றிப் படிக்கத்தக்கது. மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுடன் வழிபாட்டுத் தலங்களையும் ஒரே வரிசையில் வைத்து, பகலில் 50 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 40 டெசிபல் என்று அது வரையறுத்தது. 2019-இல் திருத்திய பதிப்பும் வந்துள்ளது. அந்த வரிசையின் பொருள், ஆலயம் இரைச்சலிலிருந்து காக்கப்பட வேண்டிய இடம் என்பதே! தியானத்திற்கு அமைதி தேவை என்பதை அரசாங்க இலாகாவின் அட்டவணை ஏற்றுக் கொண்டுள்ளது. அந்த அமைதியை ஆலயமே குலைத்துக் கொள்வது விந்தைதான்.

இவ்வட்டாரத்தில் செய்யக் கூடியவை

பெரும் செலவு வேண்டியதில்லை. கம்பத்து உச்சியில் இரண்டு பெரிய குழாய்களுக்குப் பதிலாகப் பந்தலுக்குள் பத்து மீட்டருக்கு ஒன்றாகச் சிறிய பெட்டி ஒலிபெருக்கிகளைத் தாழ்வாக, பக்தர்களை நோக்கித் திருப்பி வைத்தால், ஒவ்வொருவருக்கும் 70 டெசிபல் கிடைப்பதற்கு 5 மீட்டரில் நிற்பவர் 76-ஐத் தாண்ட வேண்டியதில்லை. முன்னே கண்ட 94-உடன் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். வெளித் தெருவுக்கு ஓசை தானே குறைந்துவிடும். நாதஸ்வரமும் தவிலும் பிராகாரத்திற்குள் ஒலிவாங்கியின்றியே நிறைந்து ஒலிக்கும் வல்லமை பெற்றவை. அவற்றின் முன் ஒலிவாங்கியை நீட்டுவது சர்க்கரைப் பொங்கலில் மேலும் சர்க்கரை கொட்டுவதற்கு ஒப்பாகும்.

மின்சார மேளத்தைப் பற்றியும் ஒரு சொல். மோட்டார் சுழலச் சுழல மணியும் முரசும் தாளமும் ஒருசேர அடிக்கும் இவ்வியந்திரம், மேளக்காரர் கிடைக்காத நாளில் கைகொடுக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தீபாராதனையின் ஏற்ற இறக்கத்தை அது அறியாது. அடுக்குத் தீபத்திற்கும் கற்பூர ஆரத்திக்கும் ஒரே அடி. சிறிய மூடிய மண்டபத்தில் அதன் ஓசை நாலாபுறமும் மோதித் திரும்பி, அர்ச்சகரின் மந்திரத்தை விழுங்கிவிடுகின்றது. நித்திய பூசைக்கு அதனை வைத்துக் கொண்டாலும், அடிக்கும் கோலின் முனையில் துணி சுற்றுவது, சுவரில் இறுக்கிப் பொருத்தாமல் இரப்பர் தகட்டின் மேல் அமர்த்துவது போன்ற எளிய திருத்தங்களால் கடுமையைத் தணிக்கலாம். திருவிழா நாளில் அதற்கு ஓய்வு கொடுத்து, அந்த நேரத்தை இளம் தவில் மாணவனுக்குத் தருவதே முறை.

கலைஞரும் அறிவியலாளரும் எங்கே என்று தேடி அலைய வேண்டியதுமில்லை. பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கின்றது. தலைநகரில் 1981-இல் தொடங்கிய நுண்கலைக் கோயில் போன்ற அமைப்புகளில் பயிற்சி பெற்ற இசைவாணர் உள்ளனர். உறுமி மேளக் குழுக்களோ இவ்வட்டாரத்து இளைஞர்களாலேயே நடத்தப்படுகின்றன. அவ்விளைஞர்களைக் குறை கூறுவோர், கூட்டத்திற்கு அழைத்து ஒருமுறையேனும் அமர்த்திப் பேசியதுண்டா என்பது ஐயமே. அளவுக் கருவியை அவர்கள் கையிலேயே கொடுத்தால், கட்டளையைவிட அது நன்றாக வேலை செய்யும். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலியளவிச் செயலி துல்லியமானதன்று என்றாலும், போன ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் போதும்.

கொடியேற்றத்திற்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். மேளக்காரர் வழக்கம்போல் மண்டபத்தில் வாசிக்கட்டும். நிர்வாகத்தினர் இருவர், பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர், அண்டை வீட்டார் இருவர் மூன்றாய் நான்காய்ப் பிரிந்து, சந்நிதி வாசல், பந்தலின் கடைக்கோடி, எதிர்த்தெரு, அடுத்த தாமான் என்று நின்று கேட்டு, அளவையும் மனத்தில் பட்டதையும் குறித்துக் கொள்ளட்டும். இரவு பத்து மணிக்கு மேல் அதே இடங்களில் மீண்டும் ஒருமுறை. ஊர்வலப் பாதையில் மருத்துவ நிலையமும், நோயாளிகள் உள்ள வீடும், பிற சமயத்தவர் வழிபாட்டுத் தலமும் எங்கே உள்ளன என்று வரைபடத்தில் குறித்து, அவ்விடங்களில் உறுமி ஓய்ந்து நாதஸ்வரம் மட்டும் மெல்லிய இராகம் வாசித்துக் கடக்குமாறு முன்னதாகவே ஏற்பாடு செய்யலாம். எந்த இடத்தில் எந்த இராகம், தவில் எங்கே மீண்டும் எழ வேண்டும் என்பதை மட்டும் நாதஸ்வர வித்துவானின் முடிவுக்கே விட்டுவிட வேண்டும்.